கோப்புறைகளின் தலபுராணம்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. அங்குள்ள ஆதி அருணாசலேஸ்வரர் கோயில்தான் முதலில் தோன்றியது, பிரம்மன் வழிபட்டது, கிழக்கே இருக்கும் பெரிய கோயில் அதற்குப் பிந்தியது என்பது அந்தப் பக்கம் வழங்கும் கதை. பெரிய கோயிலுக்கும் அதற்கான கதைகள் உண்டு. கதைகளை ஒதுக்கிவிட்டுக் கல்லை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெரிய கோயிலில் கருவறையிலிருந்து வெளியே வர வர நூற்றாண்டுகள் நம்மை நெருங்கி வருகின்றன. உள்ளே சோழர் காலத்துக் கல்வெட்டுகள். உயரம் குறைந்த கிளி கோபுரம். அதைத் தாண்டினால் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயரைத் தாங்கிய வல்லாள கோபுரம். கடைசியில் கிருஷ்ணதேவராயர் தொடங்கித் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் ஏறத்தாழ இதே உயரம் விமானத்துக்குக் கொடுக்கப்பட்டது, இங்கே வாசலுக்கு. இடையில் கழிந்த ஐந்நூறு சொச்சம் ஆண்டுகளில், எது ஓங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கமே தலைகீழாகிவிட்டது. யாரும் ஒருநாள் கூடி உட்கார்ந்து அதை மாற்றவில்லை. வந்தவர்கள் உள்ளே இருப்பதை இடிக்கத் துணியாமல் வெளியே வெளியே கட்டிக்கொண்டு போனார்கள். அதற்கான காரணங்களைப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள்.

கணினிக்குள் இருக்கும் கோப்புறை அமைப்பும் இப்படி வளர்ந்ததுதான் என்பது என் வாதம். யூனிக்ஸ் வழிவந்த எந்த இயங்குதளத்தையும், அதாவது லினக்ஸோ ஆப்பிளின் மேக்ஓஎஸ்ஸோ, திறந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ‘/’ என்ற ஒற்றைச் சாய்கோடு, அதுதான் வேர். அதன்கீழ் வழக்கமாகக் கட்டளைகளுக்கு /பின், நிர்வாகியின் கட்டளைகளுக்கு /எஸ்பின், நிரலகங்களுக்கு /லிப், அமைவுக் கோப்புகளுக்கு /எட்ஸி, மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு /வார். இவற்றோடு /யூஎஸ்ஆர் என்று ஒரு கோப்புறை. அதற்குள் போனால் மறுபடியும் ஒரு பின், ஒரு எஸ்பின், ஒரு லிப். ஒரே பெயரில் எதற்கு இரண்டு என்று முதன்முறை பார்க்கும் மாணவர் கேட்காமல் இருக்க மாட்டார். பாடப்புத்தகத்தில் பதிலும் தயாராக இருக்கும்: கணினி எழுந்திருக்கவும், பழுதானால் சரிசெய்யவும் தேவையான அத்தியாவசியக் கட்டளைகள் /பின்னில், அன்றாடப் பயன்பாட்டுக்கான மற்றவை /யூஎஸ்ஆர்/பின்னில். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. வகுப்பில் இதற்குமேல் யாரும் கேட்பதில்லை. ஆனால் இது கட்டி முடித்தபின் எழுதப்பட்ட தலபுராணம்.

உண்மையில் நடந்ததற்குச் சாட்சி, அதை உருவாக்கியவர்களே விட்டுச் சென்ற ஆவணங்கள். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1974இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தங்கள் ஆய்வகத்துக் கணினியை விவரிக்கிறார்கள். வேர்க் கோப்புறை இருந்த வட்டு வேகமானது, ஆனால் சிறியது. கொள்ளளவு 1 மெகாபைட். இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் அதில் அடங்காது. பயனர்களின் கோப்புகள் வேறொரு பெரிய வட்டில் இருந்தன. கணினி எழும்போது அந்த வட்டு வேரோடு வந்து ஒட்டிக்கொள்ளும். பயனர்களின் வட்டு ஒட்டிய இடம்தான் /யூஎஸ்ஆர். தாம்சனின் கோப்புகள் /யூஎஸ்ஆர்/கென்னில் இருந்தன, ரிச்சியின் கோப்புகள் /யூஎஸ்ஆர்/டிஎம்ஆரில். கட்டளைகள் பெருகிச் சிறிய வட்டில் இடம் போதாமல் போனபோது, மிச்சத்தைப் பயனர்களின் வட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் கையேட்டில் கோப்புறைகளை வரிசையாக விளக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் /யூஎஸ்ஆர்/பின் எதற்கு என்பதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: /பின் பெருத்துவிடாமல் இருக்க. அத்தியாவசியம், அவசரம், பழுதுபார்ப்பு என்ற பேச்சே அந்த வரியில் இல்லை. அதே பக்கத்தின் அடியில், குறைகளைச் சொல்லும் இடத்தில், கோப்புகளின் இடம் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும் என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. வாத்தியார்களின் வாத்தியார்கள் இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருந்தும், அடுத்த தலைமுறை அந்த அமைப்பைக் கல்லில் வெட்டியது போலப் பாவித்தது.

பாவித்ததற்கு நியாயமும் இருந்தது. 1980களில் வட்டு விலை அதிகம். வட்டே இல்லாத கணினிகளை அறை முழுக்க வைத்து, ஒரே செர்வரிலிருந்து எல்லாவற்றுக்கும் கோப்புகளைக் கொடுப்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்களின் வழி. 1988இல் வந்த சன்ஓஎஸ் 4 அதற்கேற்பக் கோப்புறைகளை மாற்றி அடுக்கியது: எல்லாருக்கும் பொதுவானது, யாரும் திருத்தக் கூடாதது /யூஎஸ்ஆரில், ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக மாறுவது /வாரில். அந்தக் காலத்தில் பயனர்கள் /யூஎஸ்ஆரைக் காலி செய்துவிட்டு /ஹோம் என்ற புது வீட்டுக்குக் குடிபோனார்கள். பயனர்களின் வட்டாகத் தொடங்கிய இடத்தில் இப்போது பயனர்களைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது. பிரிவினைக்குப் புதிய பயன் கிடைத்தது. அந்தப் பயனே ஆதிகாரணம் என்று சொல்லப்படத் தொடங்கியது. லினக்ஸ் வந்தபோது ஆளுக்கொரு வழங்கலை, அதாவது நிறுவத் தயாரான தொகுப்பை, தயாரித்து ஆளுக்கொரு இடத்தில் கோப்புகளை வைத்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1994 பிப்ரவரியில் ஒரு தரநிலை வெளிவந்தது. 1997இல் அது எஃப்எச்எஸ் என்ற பெயரில் யூனிக்ஸ் வகை அனைத்துக்குமாக விரிந்தது. அத்தியாவசியம் ஒருபுறம், மற்றவை ஒருபுறம் என்ற விளக்கத்துக்கு அதிகாரபூர்வ முத்திரை விழுந்தது.

இப்படித் தரநிலை எழுதுபவர்கள்தான் அமைப்பைத் தீர்மானிக்கிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. கணினி இயங்கும்போது மட்டும் தேவைப்படுகிற தற்காலிகத் தகவல்களுக்காக /ரன் என்று ஒரு கோப்புறை 2011இல் ஃபெடோராவில் வந்தது. பிற பெரிய வழங்கல்களும் விரைவில் ஏற்றுக்கொண்டன. எஃப்எச்எஸ் அதைத் தன் பக்கத்தில் சேர்த்தது 2015இல், மூன்றாம் பதிப்பில். நான்கு ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான கணினிகளில் இருந்துகொண்டிருந்த கோப்புறைக்கு அப்போதுதான் அங்கீகாரம். இதைவிட வேடிக்கை பாசிக்ஸ் என்ற இன்னொரு தரநிலை. யூனிக்ஸ் என்றால் என்ன என்பதையே வரையறுக்கும் அந்த ஆவணம் கட்டாயமாகக் கேட்கும் கோப்புறைகள் மூன்றே: வேர், /டெவ், /டெம்ப். /பின் இருக்க வேண்டும் என்றுகூட அது சொல்வதில்லை. ஆனாலும் /பின்/எஸ்எச் என்ற முகவரியில் கட்டளை ஏவி இல்லாவிட்டால் உலகத்தில் பாதி ஸ்கிரிப்ட்கள் ஓடாது. சட்டத்தில் இல்லாதது வழக்கத்தில் இவ்வளவு இறுகிக் கிடக்கிறது.

வட்டு மலிந்தது. கணினி எழும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் ஒரு குட்டி இயங்குதளம், அதாவது இனிட்ராம்எஃப்எஸ், பழுதுபார்க்கும் வேலையையும் மற்ற வட்டுகளைக் கொண்டுவந்து ஒட்டும் வேலையையும் எடுத்துக்கொண்டது. /பின்னுக்கு இருந்த தனிக் கடமை கைமாறிப் போயிற்று. இன்னொரு பக்கம், தொடக்க நிலையிலேயே சாதனங்களை அடையாளம் காணும் நிரல்களுக்கு /யூஎஸ்ஆருக்குள் இருக்கும் கோப்புகள் தேவைப்பட்டன. அதனால் /யூஎஸ்ஆர் இல்லாமல் கணினி எழும் என்பது ஏட்டளவில் மட்டுமே உண்மையாக இருந்தது. 2012இல் ஃபெடோராவின் 17ஆம் பதிப்பு துணிந்து முடிவெடுத்தது: /பின், /எஸ்பின், /லிப் மூன்றிலும் இருந்த அனைத்தையும் /யூஎஸ்ஆருக்குள் இருக்கும் அதே பெயர்க் கோப்புறைகளுக்கு மாற்றி, பழைய இடங்களில் சிம்லிங்க் என்னும் வழிகாட்டியை மட்டும் நிறுத்தியது. பழைய முகவரியைக் கேட்டு வருபவர் தாம் திருப்பிவிடப்படுவதை அறியாமலே புதிய இடத்துக்குப் போய்ச் சேர்வார். புது யோசனையும் அல்ல; சோலாரிஸ் 1990களிலேயே /பின்னை இப்படி ஆக்கியிருந்தது. 2013இல் ஆர்ச் லினக்ஸ் இன்னும் ஓரடி போய் எஸ்பின்னையும் பின்னோடு சேர்த்தது. ஃபெடோரா அந்தக் கடைசி அடியை எடுத்து வைத்தது 2025இல், தன் 42ஆம் பதிப்பில்.

இங்கே எழும் முதல் மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காரணம் பின்னால் சொல்லப்பட்டது என்பதாலேயே அது பொய்யாகிவிடுமா? ஆகாது. ஃப்ரீபிஎஸ்டி இதற்கு நல்ல சான்று. இயங்குதளத்தின் கருவான கெர்னலையும் அடிப்படைக் கட்டளைகளையும் ஒரே குழு ஒரே மரமாக வளர்க்கும் இயங்குதளம் அது. வேரும் /யூஎஸ்ஆரும் அங்கே இன்றைக்கும் தனித்தனிதான். வெளியிலிருந்து நிறுவுபவை /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் அடங்கியிருக்கும். வேரில் இருந்த கட்டளைகள் நிரலகங்களைச் சார்ந்து இயங்கும்படி மாறியபோது, அவர்கள் /ரெஸ்க்யூ என்று ஒரு கோப்புறை உண்டாக்கி, எதையும் சாராமல் தனித்து ஓடும் கட்டளைகளை அதில் வைத்தார்கள். அத்தியாவசியத்தைத் தனியே வைக்கிறோம் என்று வாயால் சொன்னதோடு நிற்காமல் அதற்கென்று உழைத்தார்கள். அவர்களிடம் கதை உண்மையாகிவிட்டது. லினக்ஸ் வழங்கல்களில் அப்படி யாரும் காவல் இருக்கவில்லை. எந்தக் கட்டளை எந்தப் பக்கம் என்பது பேக்கேஜை, அதாவது மென்பொருளின் நிறுவல் பொதியை, தயாரித்தவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஒரு வழங்கலில் /பின்னில் இருப்பது இன்னொன்றில் /யூஎஸ்ஆர்/பின்னில் இருந்தது. காப்பாற்ற ஆளில்லாத பிரிவினையைக் கைவிட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு: ஓடிக்கொண்டிருப்பதைக் கலைப்பானேன்? ஃபெடோராவில் சில மாதங்களில் முடிந்தது டெபியன் என்ற இன்னொரு வழங்கலில் பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. அதன் காரணத்தைச் சற்று விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தின் சிக்கல் முழுவதும் அங்கேதான் முடிச்சாகக் கிடக்கிறது. டெபியனில் கோப்புகளை நிறுவுவதும் நீக்குவதும் டிபிகேஜி என்ற கருவி. எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜுக்குச் சொந்தம் என்று அதனிடம் ஒரு பேரேடு உண்டு. அந்தப் பேரேட்டில் /பின்/அ என்பது ஒரு பதிவு, /யூஎஸ்ஆர்/பின்/அ என்பது வேறொரு பதிவு. இரண்டும் ஒரே கோப்பைக் குறிப்பது சிம்லிங்க்கைப் பின்தொடரும் கெர்னலுக்குத் தெரியும், பேரேட்டுக்குத் தெரியாது. இப்போது ஒரு பேக்கேஜில் /பின்/அ என்று இருந்த கட்டளையைப் பிரித்து, இன்னொரு பேக்கேஜில் /யூஎஸ்ஆர்/பின்/அ என்று வைப்பதாகக் கொள்வோம். இரண்டாவதை நிறுவினால் கோப்பு அதன் இடத்தில் உட்காரும். அடுத்து முதல் பேக்கேஜின் புதிய பதிப்பு வரும். அதில் ‘அ’ இல்லை. சரி, பழையதை நீக்கிவிடலாம் என்று டிபிகேஜி /பின்/அ-வை அழிக்கும். சிம்லிங்க் வழியாக அது அழிப்பது சற்றுமுன் வந்து உட்கார்ந்த அதே கோப்பை. பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. கட்டளை மட்டும் காணாமல் போயிருக்கும்.

இதனால் டெபியனில் சண்டை மூண்டது. டிபிகேஜியைப் பராமரிக்கும் தரப்பு இப்படிச் சிம்லிங்க் போடுவதே முறையல்ல என்றது. மற்றவர்கள் உலகமே அந்தப் பக்கம் போய்விட்டது என்றார்கள். 2019இல் வந்த டெபியன் 10 முதல் புதிதாக நிறுவும் கணினிகளில் இணைந்த அமைப்பே இயல்பானது. 2021இல் டெபியனின் தொழில்நுட்பக் குழு, 2023இல் வரவிருந்த 12ஆம் பதிப்பு இணைந்த அமைப்பை மட்டுமே ஆதரிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. கூடவே, அந்தப் பதிப்பு வெளிவரும்வரை எந்தக் கோப்பையும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நகர்த்தக் கூடாது என்று தடையும் இருந்தது. பேரேட்டுச் சிக்கலுக்கு அஞ்சித்தான். தடை நீங்கியபின் ஒவ்வொரு பேக்கேஜாக நகர்த்தும் வேலை 2025இல் வந்த 13ஆம் பதிப்பை ஒட்டி முடிந்தது. ஆக, கலைத்தால் உடையும் என்று அஞ்சியவர்கள் சொன்னது சரி. ஆனால் அடி விழுந்த இடம் அவர்கள் காட்டிய இடமல்ல. சாதாரணப் பயனரின் ஸ்கிரிப்ட் எதுவும் உடையவில்லை. /பின்/எஸ்எச் என்று 1990களில் எழுதிய ஸ்கிரிப்ட்டின் முதல் வரி இன்றும் ஓடுகிறது. சுமை முழுவதும் பேக்கேஜ் தயாரிப்பவர்களின் தோளில் இறங்கியது. எனக்குப் படுவது, அப்படித்தான் இறங்க வேண்டும். மாற்ற விரும்புபவர் செலவை ஏற்க வேண்டும். வழக்கப்படி வந்துபோகிறவர் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: ஒட்டுப்போடுவது எதற்கு, எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டினால் என்ன? கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கோபோலினக்ஸ் ஒவ்வொரு மென்பொருளுக்கும் /புரோகிராம்ஸ் என்பதன்கீழ் தனி அறை கொடுத்தது. ஆனால் பழைய கோப்புறைகளை ஒழிக்க முடியாமல், கண்ணில் படாதபடி மறைத்து மட்டும் வைத்தது. ஆப்பிளும் அப்படியே, மேக் கணினியின் ஃபைண்டரில் /யூஎஸ்ஆரும் /எட்ஸியும் தெரியாது, ஆனால் இருக்கின்றன. நிக்ஸ்ஓஎஸ் இன்னும் தீவிரம். அதில் எல்லா மென்பொருளும் /நிக்ஸ்/ஸ்டோருக்குள், ஒவ்வொரு பதிப்பும் தனக்கான நீண்ட குறியீட்டுப் பெயரோடு அருகருகே வாழும். வழக்கமான அமைப்பை அடியோடு மறுத்த இயங்குதளம் அது. அதில்கூட இரண்டு கோப்புகள் பழைய முகவரியில் இருக்கின்றன: /பின்/எஸ்எச், /யூஎஸ்ஆர்/பின்/என்வி. ஸ்கிரிப்ட்களின் முதல் வரி கேட்கும் முகவரிகள் அவை. உலகத்தின் மற்ற மூலைகளில் எழுதப்பட்ட நிரல்கள் உள்ளே வர அந்த இரண்டு கதவுகளையாவது திறந்து வைக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு வேறு கதை. கட்டளைகளை /சிஸ்டம்/பின்னில் வைத்துத் தப்பித்துக்கொண்டது, காரணம் அதன் பயனர்கள் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் அல்லர்.

கோயிலோடு ஒப்பிட்டது இந்த இடத்தோடு சரி. கல்லை நகர்த்துவது கடினம், கதையை மாற்றுவது எளிது. அடி அண்ணாமலையில் கோயில் நின்ற இடத்தில் நிற்க, அதைப் பற்றிய பேச்சுதான் காலத்துக்குக் காலம் வளர்ந்திருக்கும். கணினியில் நேர்மாறு. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒரு நொடியில் நகர்த்திவிடலாம். அவற்றின் முகவரியைத்தான் அசைக்க முடியாது, ஏனென்றால் முகவரி நம் கணினியில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது அடுத்தவர்களின் நிரல்களில், கையேடுகளில், விரல்களின் பழக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் வெற்றிபெற்ற ஒவ்வொரு மாற்றமும் பொருளை நகர்த்தி முகவரியை விட்டுவைத்தது. சிம்லிங்க் என்ற வசதி 1983இல் வந்த 4.2பிஎஸ்டியில்தான் பரவலாகக் கிடைத்தது. 1979இன் கையேடு எவ்வளவு தாராளமாக எச்சரித்திருந்தாலும், அன்றைக்கு இப்படி ஒரு மாற்றத்தை நோகாமல் செய்திருக்க முடியாது.

இந்தச் சங்கதியெல்லாம் எங்கோ அமெரிக்காவில் நடப்பது என்று விட்டுவிடவும் முடியாது. சி-டாக் நிறுவனம் சென்னையில் வளர்த்தெடுத்த பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் பிள்ளைகளின் கைக்குப் போனது. எந்த இயங்குதளத்தைக் கொடுப்பது என்பதை அரசு தீர்மானிக்கலாம். அதற்குள் கோப்புறைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கும் என்பதை டெபியன் தீர்மானிக்கிறது. அன்று அந்தப் பிள்ளைகள் திறந்த கணினியில் /பின்னும் /யூஎஸ்ஆர்/பின்னும் உண்மையிலேயே இரண்டு. இன்று நிறுவப்படும் உபுண்டுவிலோ டெபியனிலோ ஒன்றேதான். பாடக்குறிப்புகளும் பயிற்சி மையங்களின் அச்சிட்ட தாள்களும் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டும் அதே பழைய அட்டவணையைத் தருகின்றன. நேர்முகத் தேர்வுகளில் அதே கேள்வி, அதே மனப்பாடப் பதில்.

லினக்ஸ் சொல்லித் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுமுன் மாணவர்களை ‘எல்எஸ் -எல் /’ என்ற கட்டளையை அடிக்கச் சொல்லுங்கள். பின் என்ற வரியின் முதல் எழுத்து கோப்புறையைக் குறிக்கும் ‘டி’யாக இருக்காது, இணைப்பைக் குறிக்கும் ‘எல்’லாக இருக்கும். வரியின் முடிவில் ஓர் அம்புக்குறி யூஎஸ்ஆர்/பின்னைக் காட்டும். நடுவில் அளவு 7 என்று இருக்கும்: ஆங்கிலத்தில் ஆறு எழுத்தும் ஒரு சாய்கோடும், ஏழு பைட். அது ஏன் அப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கட்டும். அட்டவணையை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஆண்டைப் போட்டு எழுதுங்கள்.